விண்டோஸ்ல இருந்து உபுண்டுவுக்கு மாறி வயர்ஷார்க்கோட போராடி சிசிஎன்ஏ படிச்ச கதை

சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் பரீட்சையான சிசிஎன்ஏ 200-301 எழுத ரெண்டு மாசம் இருக்கும்போது லேப்டாப்ல ஓஎஸ் மாத்த வேண்டியதாப் போச்சு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது, என்னோடது ஆறாவது ஜெனரேஷன் இன்டெல், விண்டோஸ் 11 லிஸ்ட்லயே கிடையாது, புதுசு வாங்குற நிலைமையும் வீட்ல இல்ல. இலவசமா கிடைக்கிற லினக்ஸ் ஓஎஸ்ஸான உபுண்டு 24.04 போட்டேன். இதே நிலைமைல நிறைய பேர் படிச்சிட்டு இருப்பீங்க, எனக்கு ஒரு வாரம் போன மாதிரி உங்களுக்கும் போகக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

நெட்வொர்க்ல போற வர்ற பாக்கெட்டை, அதாவது டேட்டா துண்டுகளை, பிடிச்சுக் காட்டுற வயர்ஷார்க்கை இன்ஸ்டால் பண்ணி ஓபன் பண்ணா நெட்வொர்க் கார்டு லிஸ்ட் காலி, டம்ப்கேப்பை ஓட்ட பர்மிஷன் இல்லைன்னு ஒரு எர்ரர் வேற. விண்டோஸ்ல இந்தப் பிரச்சனையே வந்ததில்ல, ஏன்னா அங்க என்பிகேப்னு ஒரு டிரைவர் இருக்கு, இன்ஸ்டால் பண்ணும்போது அட்மினுக்கு மட்டும்னு டிக் பண்ணலைன்னா யார் வேணா பாக்கெட் பிடிக்கலாம். லினக்ஸ்ல சாதாரண யூசருக்கு அந்த உரிமை கிடையாது. தேடினா பாதி பேர் சூடோ (அட்மின் உரிமையோட ஓட்டுற கமாண்ட்) போட்டு வயர்ஷார்க்கை ஓட்டுன்னு சொல்றாங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. வெளிய இருந்து வர்ற எந்தக் குப்பை பாக்கெட்டையும் பிரிச்சுப் பாக்குற பல லட்சம் வரி கோடு அது, அதை ரூட்ல, அதாவது முழு அட்மின் உரிமையோட, ஓட்டுறது ஆபத்து. பிடிக்கிற வேலையை மட்டும் செய்யத்தான் டம்ப்கேப்னு ஒரு சின்ன ப்ரோக்ராமைத் தனியா வச்சிருக்காங்க, உரிமையை அதுக்குக் குடுத்தா போதும். டிபிகேஜி ரீகான்ஃபிகர் கமாண்டை வயர்ஷார்க்-காமன் பேக்கேஜ் மேல ஓட்டி, ரூட் இல்லாதவங்களும் கேப்சர் பண்ணலாமான்னு கேட்டா யெஸ் குடுங்க, அப்புறம் உங்க யூசரை வயர்ஷார்க் குரூப்ல சேருங்க.

இந்த சேர்க்கிற இடத்துலதான் நான் பெரிய தப்பு பண்ணேன். யூசர்மாட் கமாண்ட்ல மைனஸ் போட்டு சின்ன ஏ, பெரிய ஜி ரெண்டும் வரணும். நான் ஏ விட்டுட்டேன். ஏ இல்லைன்னா ‘இந்தக் குரூப்பையும் சேர்’னு அர்த்தம் இல்ல, ‘இந்தக் குரூப் மட்டும் வச்சுக்கோ’ன்னு அர்த்தம். லாக் அவுட் பண்ணி உள்ள வந்தா சூடோ குரூப்ல இருந்தே என் பேர் போயிருச்சு, என் லேப்டாப்ல எனக்கே அட்மின் உரிமை இல்ல. ராத்திரி ரெண்டு மணி, அழுகையே வந்துருச்சு. கடைசில பூட் மெனுல ரெக்கவரி மோடு போய், ரூட் ஷெல் எடுத்து, டிஸ்க்கை எழுதுற மாதிரி திரும்ப மவுண்ட் பண்ணி, சூடோ குரூப்ல என்னை மறுபடி சேர்த்தேன். குரூப் மாத்தினப்புறம் ஒரு தடவை ரீஸ்டார்ட்டே பண்ணிடுங்க, பழைய செஷன்ல புது குரூப் தெரியாது.

அடுத்தது கார்டு பேர். ஈத்தர்நெட், வைஃபைன்னு பார்த்துப் பழகினவங்களுக்கு ஈஎன்பி3எஸ்0, டபிள்யூஎல்பி2எஸ்0ன்னு வந்தா புரியாது, ஐபி ஏ கமாண்ட் அடிச்சா எதுக்கு அட்ரஸ் இருக்குன்னு தெரியும், அதைத் தேர்ந்தெடுங்க. எனி-ன்னு ஒண்ணு இருக்கும், எல்லா கார்டும் சேர்ந்து வரும்னு நானும் அதையே போட்டுட்டு இருந்தேன், ஆனா அதுல ஈத்தர்நெட் ஹெடருக்குப் பதிலா லினக்ஸ் குக்டு கேப்சர்னு வேற ஒரு ஹெடர் வரும், டெஸ்டினேஷன் மேக் அட்ரஸே (போய்ச் சேர வேண்டிய கார்டோட அட்ரஸ்) இருக்காது. ஐபிக்கு உரிய மேக்கைத் தேடுற ஏஆர்பி, மேக் அட்ரஸ் வச்சு நடக்கிற லேயர் 2 படிக்கிறவங்களுக்கு அது உதவாது.

பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாப் போகுதுன்னு காட்டுற ட்ரேஸ்ரூட்ல ஒரு விஷயம் நல்லா மனசுல நின்னுச்சு. விண்டோஸ் ட்ரேசர்ட் அனுப்புறது ஐசிஎம்பி எக்கோ, பிங் அனுப்புற அதே வகை பாக்கெட். லினக்ஸ் ட்ரேஸ்ரூட் டீஃபால்ட்டா அனுப்புறது யூடிபி, போர்ட் 33434ல இருந்து ஏறிட்டே போகும். நான் ஐசிஎம்பின்னு ஃபில்டர் போட்டு உக்காந்தா வழியில இருக்கிற ரவுட்டர்கள் கிட்ட இருந்து திரும்பி வர்ற டைம் எக்சீடட் மட்டும் தெரியுது, நான் அனுப்பினதைக் காணோம், டூல் தான் கெட்டுப்போச்சுன்னு ஒரு மணி நேரம் தேடினேன். டிடிஎல்லும் (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒண்ணு குறையுற எண்) அப்படித்தான், விண்டோஸ் 128ல ஆரம்பிக்கும், லினக்ஸ் 64. புக்ல பத்து தடவை படிச்சும் நிக்காதது இப்படி மாட்டிக்கிட்டப்போ நின்னுச்சு.

எனக்கு ரொம்பப் பிரயோஜனமா இருந்தது சிஸ்லாக் தான், அதாவது ரவுட்டர் தன்கிட்ட நடக்கிறதை வரி வரியா அனுப்புற லாக். செகண்ட் ஹேண்ட் ரவுட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு லாக் அனுப்பினேன், விண்டோஸ்ல வந்துட்டு இருந்தது இங்க ஃபைல்ல ஒரு வரி கூட வரல. வயர்ஷார்க்ல பார்த்தா யூடிபி 514ல பாக்கெட் அழகா வந்து நிக்குது! இங்கதான் ஒண்ணு புரிஞ்சுக்கணும், உள்ள வர்ற பாக்கெட்டை ஃபயர்வால் பாக்குறதுக்கு முன்னாடியே வயர்ஷார்க் ஒரு காப்பி எடுத்துடும், அதனால வயர்ஷார்க்ல தெரியுதுன்னா கார்டு வரைக்கும் வந்துருச்சுன்னுதான் அர்த்தம், சாஃப்ட்வேர் கைக்குப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. ரவுட்டர் பக்கம் சரின்னு அதுலயே முடிவாயிடும், அப்புறம் லேப்டாப்புக்குள்ள மட்டும் தேடினா போதும். எந்த போர்ட்ல எது காத்திட்டு இருக்குன்னு காட்டுற எஸ்எஸ் கமாண்ட்ல பார்த்தா 514ஐ யாரும் கேக்கவே இல்ல, ஏன்னா லாக்கை வாங்கி ஃபைல்ல எழுதுற ஆர்சிஸ்லாக் கான்ஃபிக்ல யூடிபி வரிகள் கமெண்ட்லயே இருக்கும், அதை எடுத்து சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணேன். அப்பவும் வரல, நானே ஆன் பண்ணி வச்சிருந்த யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுத்துட்டு இருந்துச்சு, 514 யூடிபியை அலவ் பண்ணதும் லாக் கொட்ட ஆரம்பிச்சுது. அன்னைக்கு ரவுட்டர்ல கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி வர்ற லாக்கைப் பார்த்துட்டே, பிரச்சனை எவ்வளவு தீவிரம்னு சொல்ற 0ல இருந்து 7 வரைக்கும் உள்ள சிவியரிட்டி லெவலை ஒவ்வொண்ணாப் படிச்சேன்.

எக்ஸாம் 120 நிமிஷம், ஒரு கேள்வியைத் தாண்டினா திரும்பிப் போக முடியாது, அதனால வீட்லயே கடிகாரம் வச்சுப் பழகுங்க. உள்ள என்ன கேட்டாங்கன்னு வெளிய சொல்ல மாட்டேன்னு ஒப்புக்கிட்டுத்தான் எழுதுறோம், அதைக் கேக்காதீங்க. நான் பாஸ். லேப்ல மாட்டிக்கிட்டு உதவி கேக்கறவங்க ஐபி ஏ, எஸ்எஸ், க்ரூப்ஸ் இந்த மூணு கமாண்டோட அவுட்புட்டையும் சேர்த்து அனுப்புங்க, எங்க நிக்குதுன்னு சேர்ந்து பாக்கலாம்.