மூன்றாவது தட்டின் எடை

எங்கள் எலக்ட்ரான் முடுக்கியின் வெற்றிடக் குழாயை அன்று திறந்தபோது பீங்கான் மின்காப்பு வளையம் வெள்ளையாக இல்லை. கையுறை விரலால் தேய்த்தேன். சாம்பல் பூத்தது போல ஒட்டிக்கொண்டது. டாண்டலம் என்ற கன உலோகம். எலக்ட்ரான் கற்றை மோதி எக்ஸ் கதிர் பிறக்கும் இலக்கு அதனால் ஆனது; மூன்று மீட்டர் தள்ளியிருந்த அந்த இலக்கிலிருந்து வந்து படிந்திருந்தது.

ஒரே துடிப்பில் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் எலக்ட்ரான் முடுக்கிகளில் இலக்கு அழிவதற்காகவே வைக்கப்படுகிறது. அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் 'டார்ட்' முடுக்கியில், இரண்டு அச்சுகளில் முதலாவதன் கற்றை ஏறத்தாழ 20 மெகா எலக்ட்ரான் வோல்ட், 2 கிலோ ஆம்பியர்; துடிப்பின் நீளம் 60 நானோ விநாடி. பெருக்கினால் 2,400 ஜூல் ஆற்றல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரிகூடச் சூடாக்காது. ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு சில மில்லிமீட்டர் புள்ளியில் இறங்கினாலே, 3,000 டிகிரிக்கு மேல் உருகும் டாண்டலம் ஆவியாகவும் துளிகளாகவும் சிதறுகிறது.

எங்கள் கருவி அதைவிட மிகச் சிறியது, தொல்லை அதேதான். விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் ஆவி, 60 நானோ விநாடியில் அரை மில்லிமீட்டர்கூட நகராது. எனவே படம் கெடாமல் தப்பிவிடும். அடிபடுவது முடுக்கி. பீங்கானில் உலோகப் படலம் ஏறினால், அடுத்த முறை உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் தீப்பொறி அதன் மேற்பரப்பிலேயே ஓடும்.

ஆவியைத் தடுக்க, குழாயை வேகமாக மூடும் வால்வு வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வாங்கியும் விட்டோம். அது மூடப் பத்து மில்லி விநாடி ஆகும். ஆவி மூன்று மீட்டரை ஒரு மில்லி விநாடிக்குள் கடந்துவிடும். மெதுவாக வரும் துளிகளை மட்டும் வால்வு பிடித்தது. எளிய கணக்கு, முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

வழி சொன்னவர் பட்டறையின் மூத்த ஃபிட்டர். "தம்பி, இலக்குக்குப் பக்கத்தில் கற்றை ஊசி மாதிரிதானே வருகிறது? ஓட்டையும் அந்த அளவுக்கு இருந்தால் போதாதா?" ஆவி விசிறி போல விரிவது; இருபது சென்டிமீட்டர் தள்ளி ஒரு சென்டிமீட்டர் துளை வைத்தால், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் உள்ளே நுழையும். கற்றை வரும் வழியில், நடுவே துளையிட்ட மூன்று கிராஃபைட் தட்டுகளை வரிசையாக வைத்தோம். அதற்கு விலையும் உண்டு: கற்றை சற்று விலகினாலும் துளையின் விளிம்பைச் சுட்டுவிடும், பிறகு தட்டே சிதற ஆரம்பிக்கும். கற்றையை நேர்ப்படுத்த மட்டும் பல வாரங்கள் பிடித்தன.

ஒவ்வொரு தொடர் சோதனைக்குப் பிறகும் அவர் தட்டுகளைக் கழற்றி, மில்லிகிராம் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதி வைப்பார். முதல் தட்டின் எடை ஒவ்வொரு முறையும் கூடியது. இரண்டாவதில் அரிதாகக் கூடியது. மூன்றாவது தட்டுக்கு நேரே, பக்கம் முழுவதும் ஒரே எண்தான்.