‘கவர் மீ’ என்றால் என்ன பொருள்?

1992 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தின்போது, காம்ப்டனில் ஒரு குடும்பச் சண்டை குறித்து வந்த புகாரை விசாரிக்கப் போலீசாரோடு, அமெரிக்க ஆயுதப்படைகளுள் ஒன்றான மரைன் படையினரும் சென்றார்கள். கதவைத் துளைத்துக்கொண்டு பறவை வேட்டைக்கான ரவைகள் வந்ததும் ஓர் அதிகாரி ‘கவர் மீ’ என்று கத்தினார். போலீசாருக்கு அதன் பொருள், துப்பாக்கியை நீட்டித் தயாராக நில், தேவைப்பட்டால் மட்டும் சுடு என்பது. மரைன்களுக்கோ, எதிரி தலைதூக்க முடியாதபடி சுட்டுக்கொண்டே இரு என்பது. 200-க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள், வீட்டில் இருந்த ஒருவருக்கும் காயமில்லை.

மரைன்கள் கற்றதைத்தான் செய்தார்கள். ராணுவத்தைப் போலீஸ் வேலைக்கு அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டமான ‘போஸி கோமிட்டாட்டஸ்’ சட்டம் இந்தக் காரணத்துக்காகப் பிறந்ததல்ல.

‘போஸி கோமிட்டாட்டஸ்’ என்பது, குற்றவாளியைப் பிடிக்க ஷெரிப் எனும் வட்டாரக் காவல் தலைவர் ஊராரைத் திரட்டும் பழைய அதிகாரத்தின் லத்தீன் பெயர். அப்படித் திரட்டும்போது படைவீரர்களையும் அழைக்கலாம் என்று 1854-இல் அரசின் தலைமை வழக்கறிஞர் கேலப் குஷிங் கருத்துரைத்தார். தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்க அது உதவியது. உள்நாட்டுப் போருக்குப் பின் அதே ராணுவம் தென் மாநிலங்களில் கறுப்பின வாக்காளர்களுக்குக் காவல் நின்றபோதுதான் தென்னக வெள்ளையர்களுக்கு அது கசந்தது. விளைவாக, 1878 ஜூன் 18 அன்று ராணுவ நிதி ஒதுக்கீட்டு மசோதாவோடு ஒட்டிக்கொண்டு இந்தச் சட்டம் வந்தது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை.

நோக்கம் கோணலாக இருந்தாலும் வேலி நல்ல வேலிதான் என்பது என் எண்ணம். அதில் வாசல்கள் அதிகம் என்பதுதான் சிக்கல். மாநிலங்களின் துணைப்படையான தேசியக் காவல் படையை, அது ஆளுநரின் கட்டளைக்குக் கீழ் இருக்கும்வரை இது கட்டுப்படுத்தாது. 1807-ஆம் ஆண்டின் கிளர்ச்சிச் சட்டத்தைக் கையிலெடுத்தால், கூட்டாட்சிப் படைகளையே அதிபர் இறக்கலாம். 1957-இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைய அதிபர் ஐசனாவர் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பியது அந்த வாசல் வழியாகத்தான். காம்ப்டனுக்கு மரைன்கள் சென்றதும் அதே வழியில்தான். இத்தனைக்கும் அன்று போஸி கோமிட்டாட்டஸ் சட்டத்தின் வாசகத்தில் மரைன் படையின் பெயரே இல்லை. 2021 டிசம்பரில்தான் அது சேர்க்கப்பட்டது.

2025-இல் அதே லாஸ் ஏஞ்சலிஸுக்கு, ஆளுநரின் எதிர்ப்பை மீறித் தேசியக் காவல் படையினரும் சுமார் 700 மரைன்களும் அனுப்பப்பட்டார்கள். இம்முறை கிளர்ச்சிச் சட்டம் கையிலெடுக்கப்படவில்லை. படையினர் சாலையை மறித்ததும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தியதும் போலீஸ் வேலையே, ஆகவே சட்டமீறலே என்று செப்டம்பர் 2 அன்று நீதிபதி சார்லஸ் பிரேயர் தீர்ப்பளித்தார். இரண்டே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.