தொடர் தொகுப்பா, சமாந்தரத் தொகுப்பா: இறுதியாண்டுச் செயற்றிட்டத்தில் நான் இடறிய இடம்

வவுனியா பம்பைமடுவில் படித்த காலத்தில், இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக நாசா ஏம்ஸ் ஆய்வு நிலையத்தின் என்பிபி என்னும், கணினிகளின் வேகத்தை அளந்து ஒப்பிட உதவும் அளவுகோல் செய்நிரல்களை எடுத்திருந்தேன். நான்கு கோர் கொண்ட எனது மடிகணினியில், ஓர் இழையைக் (செய்நிரலுக்குள் தனித்து ஓடும் வேலைத்தொடர்) கொடுத்தாலும் நான்கு இழைகளைக் கொடுத்தாலும் அவற்றுள் ஒன்றான சிஜி செய்நிரல் ஏறத்தாழ ஒரே நேரத்தையே எடுத்தது. வெக்கையில் கணினி சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என எண்ணி, மின்விசிறியின் கீழ் வைத்து இரண்டு இரவுகளை வீணாக்கினேன்.

பிழை தொகுப்பில், அதாவது மூல நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் படியில், இருந்தது. என்பிபியில் தொடர் வடிவம் (ஒரே இழையில் ஓடுவது), ஓபன்எம்பி வடிவம் (ஒரே நினைவகத்தைப் பகிரும் பல இழைகளில் ஓடுவது), எம்பிஐ வடிவம் (ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் தனித்தனிச் செயன்முறைகளாக ஓடுவது) ஆகியவை தனித்தனிக் கோப்புறைகளில் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தொகுப்பானை எந்தத் தெரிவுகளுடன் பயன்படுத்துவது என்று சொல்லும் மேக்.டெஃப் என்னும் அமைப்புக் கோப்பு வேறு. தொடர் வடிவத்துக்கு எழுதிய கோப்பை நான் அப்படியே ஓபன்எம்பி கோப்புறையில் இட்டிருந்தேன். சிஜி ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதில் ஓபன்எம்பி கட்டளைகள் கருத்துரை வரிகளாகவே எழுதப்படுவதால், தொகுப்பானுக்கு ஓபன்எம்பித் தெரிவைக் கொடுக்காவிடில் அது அவ்வரிகளைக் கடந்து சென்று, எச்சரிக்கை எதுவுமின்றி ஒரு தொடர்ச் செய்நிரலை உருவாக்கித் தந்துவிடும். விடையும் சரியாகவே வரும். சரிபார்ப்பு வெற்றி என்றே திரையில் தெரியும். ஆகவே அத்தெரிவைத் தொகுக்கும் வரி, இணைக்கும் வரி ஆகிய இரண்டிலும் எழுதுங்கள்.

தொடர், ஓபன்எம்பி ஆகிய இரு வடிவங்களிலும் உருவாகும் கோப்புக்கு ஒரே பெயர் அமைவதையும் கவனியுங்கள். அவற்றை ஓரிடத்தில் பிரதி செய்தால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும்.

வேக ஏற்றத்தை, அதாவது சமாந்தர ஓட்டம் எத்தனை மடங்கு வேகமானது என்பதைக் கணிக்கும்போது, ஓபன்எம்பி வடிவத்தை ஓர் இழையில் ஓட்டிய நேரத்தை அடிப்படையாகக் கொள்வது பலரின் வழக்கம். அதில் இழைகளை நிர்வகிக்கும் சுமையும் சேர்ந்திருப்பதால், தொடர் வடிவத்தின் நேரத்தை எடுப்பதே நேர்மையானது என்பது என் கருத்து; ஆனால் இரண்டையும் ஒரே தொகுப்பான் பதிப்பில், ஒரே மேம்படுத்தல் மட்டத்தில் (செய்நிரலை வேகப்படுத்தத் தொகுப்பான் எடுக்கும் முயற்சியின் அளவு) தொகுத்திருக்க வேண்டும். தொகுப்பை நடத்தும் மேக் கட்டளைக்குக் கொடுக்கும் ஜே தெரிவு தொகுக்கும் வேலையை மாத்திரமே சமாந்தரமாக்கும். செய்நிரலின் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாய்மொழிப் பரீட்சையில் இதைக் குழப்பிக்கொள்வோர் உண்டு.

என் பிழையைக் காட்டித் தந்தது வெளியீட்டின் கடைசிப் பகுதிதான். பயன்படுத்திய தொகுப்பானையும் தெரிவுகளையும் ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் என்பிபி தானே அச்சிடுகிறது. இரண்டு இரவுகளும் அது என் கண்முன்னே இருந்தது; நான் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு மூடியிருக்கிறேன். செயற்றிட்டம் தொடங்கும் தம்பி தங்கையர் அப்பகுதியை முழுமையாகப் பின்னிணைப்பில் சேருங்கள். என் பரீட்சகர் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.