மார்கழி முழுக்க ஒரே கோடு: 30 நாள் சிக்குக் கோலம் போட்டுப் பார்த்த அனுபவம்

டிசம்பர் 15 ராத்திரி படுக்கப் போகும்போது முடிவு பண்ணினேன். மார்கழி 1-லிருந்து போகி வரைக்கும் 30 நாள், தினமும் விடியும் முன் வாசலில் ஒரு சிக்குக் கோலம். மூன்று விதி வைத்துக்கொண்டேன்: காலை 5.30-க்குள் முடிய வேண்டும், போட்ட கோட்டை அழிக்கக் கூடாது, செல்போனில் படம் பார்த்துப் போடக் கூடாது.

கோலமே தெரியாது என்றில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள், அம்மா வாசலில் போடும்போது பக்கத்தில் மாவு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பூக்கோலம், தாமரை, நட்சத்திரம் எல்லாம் சுமாராக வரும். சிக்கு மட்டும் வரவே வராது. புள்ளியைத் தொடாமல், ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துக்கொண்டு போய், கிளம்பிய இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு வளைவு தப்பினால் மொத்தமும் போச்சு. ஆனால் இதை எடுத்ததற்குக் கோலத்தின் மேல் உள்ள ஆசை மட்டும் காரணம் இல்லை. எதை ஆரம்பித்தாலும் நான் முடித்ததில்லை. 100 நாள் நடை என்று ஆரம்பித்தது 23-ம் நாள் நின்றது. தினமும் பத்துப் பக்கம் படிப்பது என்று வைத்தது ஒரு மாதம் தாண்டவில்லை. யோசித்துப் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரிதான் நின்றிருக்கிறது: ஒரு நாள் விட்டுப்போகும், அடுத்த நாள் 'அதான் விட்டுப்போச்சே' என்று மனசு சொல்லும், அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

வாசல் அப்படி இல்லை. மார்கழியில் ஒரு வாசல் வெறுமையாகக் கிடந்தால் தெருவுக்கே தெரியும். கோவையில் நாங்கள் இருப்பது மாடியில், கீழே வீட்டுக்காரரும் அவருடைய அம்மாவும். இத்தனை வருஷமாக வாசல் பாட்டியின் பொறுப்பு. இப்போது 76 வயது, முழங்கால் வலி, குனிந்தால் நிமிர்வது சிரமம். "இந்த மார்கழிக்கு நான் போடட்டுமா பாட்டி?" என்று கேட்டேன். "போடு கண்ணு, நான் திண்ணைல உக்காந்து பாத்துக்கறேன்" என்றார்.

நாள் 1 முதல் 5 வரை

முதல் நாள் 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. மொத்தமே 12 புள்ளிதான், அதற்கு 40 நிமிடம் ஆனது. தண்ணீர் தெளித்த உடனே போட ஆரம்பித்ததால் மாவு ஈரத்தில் ஊறித் திட்டுத் திட்டாகப் பரவிவிட்டது. சிமெண்ட் தரை தண்ணீரை இழுத்து, ஈரம் மட்டும் தங்கி, மினுமினுப்பு போன பிறகுதான் மாவை வைக்க வேண்டும். குளிருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, பத்து நிமிடமாவது விட வேண்டும். முழுக்க அரிசி மாவு விரலில் ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்கிறது, கடையில் விற்கும் வெள்ளைக்கல் மாவு மட்டும் என்றால் சரசரவென்று கொட்டிவிடுகிறது. நான் இரண்டு பங்கு கல் மாவுக்கு ஒரு பங்கு கொரகொரப்பான அரிசி மாவு கலந்துகொண்டேன். எறும்புக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும்.

கோடு பாம்பு நெளிவது மாதிரி ஓர் இடத்தில் தடிமன், ஓர் இடத்தில் மெல்லிசு. மூன்றாம் நாள் பாட்டி எழுந்து வந்து என் விரலைத் தொட்டுப் பார்த்தார். "மாவைப் புடிக்காத கண்ணு, உடு. அது தானா உழுகும், நீ கையை மட்டும் நகத்து." அதுவரை நான் மாவைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் மாவை எடுத்துக் கட்டைவிரலை மேலே லேசாக வைத்து, தேய்ப்பதும் இல்லாமல் அழுத்துவதும் இல்லாமல் நழுவ விட வேண்டும். சொல்வதற்கு ஒரு வரிதான், கைக்கு வர பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.

நாள் 6

இந்த நாளைத் தனியாக எழுத வேண்டும். 5 புள்ளி, 4 வரிசை. பாதிக்கு மேல் போன பிறகு பார்த்தால் இடது ஓரம் இரண்டாவது வரிசையில் கோட்டை உள்பக்கம் திருப்பியிருக்க வேண்டியது, வெளிப்பக்கம் திருப்பிவிட்டேன். ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே அநாதையாக நிற்கிறது. கை தன்னால் துடைக்கப் போனது. விதி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன், ஆனால் மேலே எப்படிப் போவது என்று தெரியவில்லை, குனிந்தபடியே நிற்கிறேன், இடுப்பு வலிக்கிறது, மணி 5.20. பாட்டி திண்ணையிலிருந்தே சொன்னார்: "போன கோடு போனதுதான். அதை எங்க கொண்டுபோய்ச் சேக்கறதுன்னு பாரு." அடுத்த புள்ளியில் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி, வெளியே நின்ற புள்ளியை வளைத்து உள்ளே இழுத்து, எதிர்ப்பக்கமும் அதே மாதிரி ஒரு வளைவு வைத்தேன். 5.34-க்குக் கோடு வந்து சேர்ந்தது. நான்கு நிமிடம் தாமதம், ஆனாலும் அழிக்காமல் முடித்த முதல் தப்பு அது. அதற்குப் பிறகு தப்பு வரும்போது வயிற்றைப் பிசையும் அந்த உணர்வு குறைந்தது. அலுவலகத்திலும் ஒரு கணக்கு இடித்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் கலைத்துப் போடும் பழக்கம் எனக்கு உண்டு. இப்போதெல்லாம் இடித்த இடத்திலேயே நின்று பார்க்கிறேன்.

நாள் 9, வீட்டுப்பாடத்தில் கிடைத்தது

ராத்திரி கட்டம் போட்ட நோட்டில் மறுநாள் கோலத்தைப் பென்சிலால் போட்டுப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. அன்றைக்கு 4 வரிசை 4 புள்ளி வைத்தேன். எப்படிப் போட்டாலும் ஒரே கோடாக வரமாட்டேன் என்கிறது, நான்கு தனித்தனிச் சுற்றாக நிற்கிறது. 6-க்கு 4 வைத்தால் இரண்டு சுற்று. 6-க்கு 3 என்றால் மூன்று. 5-க்கு 4 மட்டும் ஒன்றே ஒன்று. பக்கத்தில் ஆறாம் வகுப்பு மகள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள், மீப்பெரு பொதுக் காரணி. நான் படித்தபோது அதை வகுத்தி என்போம். சட்டென்று பிடிபட்டது: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லாம் கோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சாதாச் சிக்கில், இரண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை சுற்றுதான் வரும். 1 வந்தால் ஒரே கோடு. இரண்டு பேரும் பத்தரை மணி வரை 7-க்கு 4, 8-க்கு 6, 9-க்கு 6 என்று போட்டுப் போட்டுப் பார்த்தோம், ஒன்றுகூடத் தப்பவில்லை.

காலையில் பாட்டியிடம் இதைச் சொன்னால் அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நாலுக்கு நாலு வெச்சா மூணு எடத்துல வெட்டாம திருப்பிவுடோணும் கண்ணு, அப்பத்தான் ஒண்ணாச் சேரும்" என்றார். போட்டுப் பார்த்தேன். நான்கு சுற்றை ஒன்றாக்க மூன்று இணைப்பு, சரியாக அதே கணக்கு. பள்ளிக்கூடம் போகாதவர். தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது கோலம் உருவாகும் விதிகளைக் கணினி பின்பற்றும் வகையில் வகுத்து 1974-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று எப்போதோ படித்தது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்த இலக்கணம் பாட்டியின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

நாள் 10 முதல் 16 வரை

படம் எடுப்பதை நிறுத்தினேன். எடுத்தால் நாலு பேருக்கு அனுப்பத் தோன்றுகிறது, அனுப்பினால் பதில் வந்ததா என்று பார்க்கத் தோன்றுகிறது. ஆறு மணிக்குப் பால்காரர் வண்டி ஏறும், ஏழு மணிக்குப் பள்ளி வேன், சாயங்காலத்துக்குள் வெறும் வெள்ளைத் தடம். அது போகட்டும். கை மட்டும் மிஞ்சுகிறது.

எழுந்திருப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், 4.45 அலாரத்தில் ஒரு வித்தையும் இல்லை. முதல் நாள் ராத்திரி கொட்டாங்குச்சியில் மாவு, வாளியில் தண்ணீர், துடைப்பம், ஸ்வெட்டர், நோட்டு எல்லாம் படிக்கட்டு ஓரம் எடுத்து வைத்திருந்தால் கால் தானாக இறங்குகிறது. வைக்காத இரண்டு நாள் போர்வைக்குள்ளேயே பேரம் பேசிக்கொண்டு கிடந்தேன். நோட்டில் மூன்று முறை போட்டுவிட்டு வந்த நாள் 20 நிமிடம், போடாத நாள் 40.

டிசம்பர் கடைசி வாரம் தணிக்கை அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கு 31-க்குள் தாக்கல் ஆக வேண்டும். 29-ம் தேதி வீட்டுக்கு வரும்போது ராத்திரி பதினொன்றரை. மறுநாள் 2 வரிசை 3 புள்ளி, ஆறே புள்ளி, நான்கு நிமிடம். விதியில் 'கோலம்' என்றுதான் இருக்கிறது, அளவு இல்லை. இதை முன்கூட்டியே அப்படி வைத்தது நான் செய்த நல்ல காரியம் என்றே நினைக்கிறேன், எந்தச் சவாலுக்கும் காய்ச்சல் நாளிலும் செய்யக்கூடிய ஒரு குட்டி அளவு இருக்க வேண்டும்.

நாள் 21

ஜனவரி 5. வாளியோடு கீழே இறங்கினால் நாலாவது வீட்டில் விளக்கெல்லாம் எரிகிறது, தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்த வீட்டுத் தாத்தா ராத்திரி இரண்டு மணிக்குத் தவறிவிட்டார். பாட்டி கதவருகில் நின்றுகொண்டிருந்தார். "இன்னிக்கு வேண்டாம் கண்ணு." தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும் வரை யாரும் வாசலில் கோலம் போட மாட்டார்கள். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் முதலில் மனசில் ஓடியது 'இருபது நாள் ஆச்சே, விட்டுப்போகுதே' என்பதுதான். அது ஒரு நொடிதான் என்றாலும் எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தத் தாத்தா தினமும் காலையில் நடக்கப் போகும்போது கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போவார். மேலே போய் ஒரு பெரிய பிளாஸ்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மூன்று மணிக்கு எடுத்தார்கள். ராத்திரி நோட்டில் '21, போடவில்லை' என்று எழுதினேன்.

22-ம் நாள் அலாரம் அடித்தபோது அந்தப் பழைய குரல் சரியாக வந்தது, அதான் விட்டுப்போச்சே என்று. இதற்கு முன்னால் எல்லாவற்றையும் நான் விட்ட இடம் இதுதான் என்று இருட்டில் படுத்துக்கொண்டே தெரிந்தது. மாவு படிக்கட்டில் எடுத்து வைத்திருக்கிறோமே என்ற ஒரே நினைப்பில் இறங்கினேன். வாசலில் பாட்டி எனக்கு முன்னாலேயே தண்ணீர் தெளித்து வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. 5-க்கு 4 போட்டேன்.

நாள் 30, போகி

11 புள்ளி, 10 வரிசை, மொத்தம் 110 புள்ளி, ஒரே கோடு. 4.15-க்கு ஆரம்பித்தேன். புள்ளி வைக்கவே 12 நிமிடம். தெருமுனையில் பழைய பாய் எரிக்கும் புகை கண்ணைக் கரித்தது. பாதியில் கொட்டாங்குச்சியில் மாவு தீர்ந்துபோய், மகள் தூக்கக் கலக்கத்தோடு மேலேயிருந்து டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசி வளைவில், கிளம்பிய இடத்துக்கும் விரலுக்கும் நடுவில் இரண்டு விரல் கடை இடைவெளி. அதை மூடும்போது மணி 5.26. நடுவில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூ சொருகினோம். பாட்டி ஓரத்திலிருந்து கோட்டைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு முழுசாக ஒரு சுற்றுப் போய் வந்தார், உதடு மட்டும் அசைந்தது. "சேந்துருச்சு" என்றார்.

30 நாளில் 29 கோலம். 5.30 தாண்டியது நான்கு முறை. அழித்தது ஒரு முறையும் இல்லை.

தை பிறந்த பிறகும் தினமும் சின்னதாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதற்குக் கணக்கு வைக்கவில்லை. அடுத்து இடைப்புள்ளி, நடு வரிசையில் 15, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை, மொத்தம் 169 புள்ளி. வரிசைகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று உட்காருவதால் வகுத்திக் கணக்கு இங்கே உதவவில்லை. நோட்டில் நாலு ராத்திரி போட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் கோடு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. பாட்டியிடம் இன்னும் கேட்கவில்லை. இன்னொரு வாரம் நானே பார்க்கிறேன்.