ஓவர்பிரிண்ட் வழியே முதல் உலகப் போர்: என் ஆல்பம் இதுவரை

முதல் உலகப் போருக்கென்று தனியாக ஒரு ஸ்டாம்ப் ஆல்பம் சேர்த்துவருகிறேன். பின்னாளில் வந்த நினைவுத் தபால்தலைகள் எதற்கும் இதில் இடமில்லை. 1906 முதல் 1923 வரை தபால் ஆபீஸ் கவுண்டரில் விற்று, ஜனங்கள் கடிதத்தில் ஒட்டியவை மட்டும்தான். அதிலும் ஓவர்பிரிண்ட் போட்டவை மேல்தான் எனக்குக் கண். ஒரு நாட்டின் ஸ்டாம்ப் மீது இன்னொரு நாடு தன் பெயரைக் கறுப்பு மையில் அடித்து விற்கிறது என்றால் அங்கே அதிகாரம் கைமாறிவிட்டது, புது ஸ்டாம்ப் அச்சிடக்கூட நேரம் கிடைக்கவில்லை. போர் என்ன செய்தது என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் பொருள் வேறு எதுவும் என் கைக்குக் கிடைத்ததில்லை.

முதல் பக்கம் போஸ்னியா. 1906ல் வந்த இயற்கைக் காட்சி வரிசை, வியன்னா ஓவியர் கோலோமன் மோசர் வடிவமைத்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. இரண்டே வருடத்தில், 1908ல், ஆஸ்திரியா-ஹங்கேரி போஸ்னியாவை முறைப்படி இணைத்துக்கொண்டது. செர்பியாவுக்கு ஆத்திரம், ரஷ்யாவுக்கு அவமானம். அந்தப் புகைச்சல்தான் 28 ஜூன் 1914 அன்று சரயேவோவில் துப்பாக்கியாக வெடித்தது. ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும் செத்தார்கள். சரியாக ஒரு மாதத்தில் செர்பியா மீது ஆஸ்திரியா-ஹங்கேரியின் போர் அறிவிப்பு. ரஷ்யா படையைத் திரட்ட, ஜெர்மனி இறங்க, பிரான்ஸ் வர, பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைந்ததும் ஆகஸ்ட் 4ல் பிரிட்டனும் வந்தது.

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1917ல், கொலை நடந்த அதே ஜூன் 28ல் வந்த மூன்று ஸ்டாம்புகள். அந்தத் தம்பதியின் நினைவாகச் சரயேவோவில் கட்டவிருந்த தேவாலயத்துக்காகக் கூடுதல் விலை வைத்து விற்றவை. ஒன்றில் அந்தத் தேவாலயத்தின் வரைபடமே இருக்கிறது. கட்டடம் எழும்பவே இல்லை. அதற்குள் பேரரசு போய்விட்டது.

அடுத்த பக்கத்தில் இரண்டு ஸ்டாம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், இரண்டுமே போஸ்னியாவுக்காக அச்சானவை. ஒன்றில் ஜெர்மன் மொழியில் 'செர்பியா' என்று ஓவர்பிரிண்ட்: 1915 இறுதியில் செர்பியா வீழ்ந்த பிறகு ஆஸ்திரியர்கள் அங்கே பயன்படுத்தியது. மற்றொன்றில் 1918 முடிவில் செர்பியர், குரோவாசியர், ஸ்லோவேனியர் சேர்ந்து அமைத்த புது நாட்டின் பெயர். வென்றவனும் தோற்றவனும் இடம் மாறியதை இரண்டு சின்னக் காகிதங்கள் காட்டிவிடுகின்றன.

ஓவர்பிரிண்டில் போலி ஏராளம். என் சோதனை எளிது. ஸ்டாம்பைச் சாமணத்தால் பிடித்து, பின்பக்கம் திருப்பி, மேசை விளக்கைச் சாய்வாக அடிக்க வேண்டும். உலோக எழுத்துகளில் மை தடவி அழுத்தும் பழைய அச்சில் அடித்ததென்றால் எழுத்துகள் காகிதத்தை லேசாக அழுத்தியிருக்கும், பின்னால் மெல்லிய மேடு தெரியும். இன்றைய பிரிண்டரில் போட்டதென்றால் பின்பக்கம் வழவழவென்று இருக்கும். இது மட்டும் போதாது, எழுத்து வடிவத்தையும் கேட்லாக் படத்தோடு ஒப்பிட வேண்டும். ஆனாலும் மோசமான போலிகள் இதிலேயே மாட்டிக்கொள்ளும்.

இந்தியப் பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஸ்டாம்ப், மேலே 'ஐ.இ.எஃப்.' என்று மூன்று எழுத்து. கடல் கடந்து அனுப்பப்பட்ட இந்தியப் படைகளின் களத் தபால் நிலையங்களுக்காக 1914ல் வந்தது. பிரான்ஸிலிருந்து நம் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அது தெரிந்த சிப்பாய்கள் இந்திய வீரர்களைக் கருமிளகு என்றும் வெள்ளைக்காரர்களைச் சிவப்பு மிளகாய் என்றும் எழுதி, எது எவ்வளவு தீர்ந்துபோனது என்று ஊருக்குச் சொன்னார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்த மூன்று எழுத்தை என்னால் வெறும் மையாகப் பார்க்க முடிவதில்லை. பக்கத்திலேயே 1918ல் 'போர் ஸ்டாம்ப்' என்று அடித்த இலங்கைத் தபால்தலை ஒன்றும் இருக்கிறது.

போருக்குப் பிந்தைய பக்கங்கள்தான் நிறைய. அலென்ஸ்டைன் என்ற பகுதி ஜெர்மனியோடு இருப்பதா, போலந்தோடு போவதா என்று 11 ஜூலை 1920ல் மக்களிடம் வாக்கெடுத்தார்கள். அதற்கான ஸ்டாம்பில் ஜெர்மானியா, அதாவது ஜெர்மனியைப் பெண்ணாக வரைந்த உருவத்தின் மேல் ஒரு முட்டை வடிவக் கட்டம். பூதக்கண்ணாடி வைத்தால் 'வெர்சாய் ஒப்பந்தம், பிரிவு 94, 95' என்று தெரிகிறது. போரை முடித்து ஜெர்மனியோடு போட்ட ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணையே ஸ்டாம்பில் அடித்திருக்கிறார்கள்! பெரும்பான்மை ஜெர்மனியோடே இருக்க வாக்களித்தது.

அப்புறம் 1923. ஜெர்மனி போருக்கான பணத்தைப் பெரும்பாலும் கடனாகவே திரட்டியிருந்தது. அதன்மேல் போர் இழப்பீடு. 1923 ஜனவரியில் பிரான்ஸும் பெல்ஜியமும் ரூர் பகுதிக்குள் படையோடு புகுந்தன. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க ஜெர்மன் அரசு நோட்டை அச்சடித்துத் தள்ளியது. போருக்கு முன் 10 ஃபென்னிக்கு (100 ஃபென்னி ஒரு மார்க்) போன உள்நாட்டுக் கடிதத்துக்கு நவம்பர் 1ல் 10 கோடி மார்க், 5ல் 100 கோடி, 12ல் 1,000 கோடி, 20ல் 2,000 கோடி, 26ல் 8,000 கோடி. அச்சகத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. பழைய ஸ்டாம்புகள் மேல் லட்சம், கோடி என்று புது மதிப்பு அடித்தார்கள். நவம்பர் கடைசியில் அதுவும் போதாமல், ஒட்டிய ஸ்டாம்பை அதன் மதிப்புக்கு நான்கு மடங்காக எடுத்துக்கொள்ளலாம் என்றே தபால் துறை அறிவித்தது. டிசம்பர் 1ல் கட்டணம் 10,000 கோடி, அதாவது புது நாணயத்தில் 10 ஃபென்னி.

இந்த ஸ்டாம்புகளில் உபயோகிக்காதவை மலிவு, முத்திரை விழுந்தவைதான் விலை. சில நாள் மட்டுமே புழங்கியவை என்பதால் போலி முத்திரை அதிகம். இந்தப் பணவீக்கக் கால ஸ்டாம்புகளுக்கென்றே இருக்கும் இன்ஃப்ளா-பெர்லின் சங்கத்தின் பரிசோதகர் குறி பின்பக்கம் இருந்தால்தான் வாங்குகிறேன். உச்ச மதிப்பான 5,000 கோடி மார்க் ஸ்டாம்ப் உபயோகிக்காத நிலையில்தான் இருக்கிறது. அந்த நான்கு மடங்குக் கணக்கில் போன ஓர் உறை, நவம்பர் 26க்கும் 30க்கும் இடையில் முத்திரை விழுந்தது, கிடைத்தால் இந்தப் பக்கம் முடிந்துவிடும்.

இப்போது கையில் இருக்கும் வேலை மேல் சிலேசியா, ஜெர்மனியா போலந்தா என்று வாக்கெடுத்த இன்னொரு பகுதி. 20 மார்ச் 1921 வாக்கெடுப்புத் தேதியையே ஓவர்பிரிண்டாகத் தாங்கியவை வந்து சேர்ந்துவிட்டன. வாக்கெடுப்புக்குப் பிறகும் சண்டை ஓயாமல் அந்தப் பகுதியை இரண்டாகப் பிரித்தார்கள், அதனால் ஜெர்மன் பக்கம், போலந்துப் பக்கம் என்று எதிரெதிரே இரண்டு தாள் ஒதுக்கியிருக்கிறேன்.