அபு ஹுரேராவின் கால்விரல்கள்

இன்றைய சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரேரா என்றொரு பழைய ஊர் இருந்தது. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடியும் காட்டுத் தானியம் சேகரித்தும் வாழ்ந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். அப்புறம் மெல்ல மெல்ல விவசாயம் அவர்களுடைய பிழைப்பானது. 1972, 73இல் தொல்லியலாளர்கள் அங்கே அவசர அவசரமாகத் தோண்டிப் பார்த்தார்கள். ஆற்றின் குறுக்கே தப்கா அணை வந்ததும் அந்த ஊர் இருந்த மேடு நீருக்குள் போய்விட்டது.

அங்கே கிடைத்த எலும்புகளைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து உருமாறியிருக்கிறது. முழங்காலிலும் அடிமுதுகிலும் அதே உழைப்பின் தடம். பெரும்பாலும் பெண்களுடைய எலும்புகள். காரணம், மாவரைப்பு. நம் அம்மி மாதிரியான கல்லைத் தரையில் போட்டு, மண்டியிட்டு, கால்விரல்களை மடித்து ஊன்றி, உடம்பையே முன்னும் பின்னும் தள்ளி அரைத்திருக்கிறார்கள். தினமும், பல மணி நேரம்.

விவசாயம் வந்ததும் மனிதன் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டான் என்றுதான் பள்ளியில் படித்தேன். யார் மண்டியிட்டிருந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி சப்பாத்திக்கு மாவு பிசையும்போது என் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.