கடைமடைக்குத் தண்ணீர் சேரும் முன் அளந்தால்

மறதி நோய்க்கு நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தால், ரிப்போர்ட்டில் எஸ்யூவிஆர் என்று ஒரு எண் இருக்கலாம். முதல் தடவை 1.42, ஒன்றரை வருஷம் கழித்து 1.36 என்று வைத்துக்கொள்வோம். அமிலாய்டு குறைந்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். மாறியது ரத்த ஓட்டமாகவும் இருக்கலாம்.

எஸ்யூவிஆர் ஒரு விகிதம்தான். மூளைப் புறணியில் (வெளி அடுக்கில்) நிற்கும் டிரேசரை, அதாவது ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்தை, அமிலாய்டு அதிகம் படியாத சிறுமூளையில் நிற்கும் டிரேசரால் வகுப்பது. ஃப்ளோர்பெட்டாபிர் என்ற டிரேசருக்கு, முழுச் சிறுமூளையோடு ஒப்பிடும்போது, ஆராய்ச்சியில் பரவலாகப் புழங்கும் எல்லை 1.11; அதற்கு மேல் போனால் அமிலாய்டு உண்டு என்று கணக்கு. ஊசியின் அளவு, உடல் எடை எல்லாம் இந்த வகுத்தலில் அடிபட்டுப் போகும். ரத்த ஓட்டம் அப்படி முழுசாக அடிபடாது.

நாஞ்சில் நாட்டு வயலை நினைத்துப் பாருங்கள். பேச்சிப்பாறையில் திறந்த தண்ணீர் மடை வழியே வயலுக்குள் வருகிறது, வடிகாலில் வெளியேறுகிறது, களிமண் கொஞ்சம் பிடித்துவைக்கிறது. தண்ணீர்தான் டிரேசர், களிமண்தான் அமிலாய்டு; நமக்கு வேண்டியது களிமண்ணின் கணக்கு. அளப்பதோ அந்த நேரத்தில் வயலில் நிற்கும் மொத்தத் தண்ணீரை. மடை சிறுத்த வயலை ஆரம்பத்திலேயே அளந்தால் குறைவாகக் காட்டும். ரொம்பப் பிந்தி அளந்தால், அதே வயல் மெதுவாக வடிவதால் கூடுதலாகக் காட்டலாம். களிமண் மாறவே இல்லை.

மூளையில் மடைக்கு, அதாவது டிரேசர் உள்ளே வரும் வேகத்துக்கு, பெயர் கே1; வடிகாலுக்கு, அதாவது வெளியேறும் வேகத்துக்கு, கே2. ரத்த ஓட்டம் குறைந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். நிஜமான சமநிலையில் அளந்தால் பாதிப்பு இராது. ஆனால் ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள டிரேசர் இறங்கிக்கொண்டே இருக்கும்; சமநிலை என்பது பெயரளவுக்குத்தான். போதாக்குறைக்கு, அல்சைமரில் ரத்த ஓட்டம் குறையும் பின்புற சிங்குலேட், ப்ரீகியூனியஸ் பகுதிகள் அமிலாய்டு படியும் இடங்களும்கூட.

ஃப்ளோர்பெட்டாபிரில் ஊசி போட்டு 30 முதல் 50 நிமிடத்துக்குள் ஸ்கேனைத் தொடங்கி 10 நிமிடம் எடுக்கச் சொல்கிறது மருந்துக் குறிப்பு. முதல் தடவை 30-ஆம் நிமிடம், அடுத்த தடவை 50-ஆம் நிமிடம் என்றால் இரண்டும் விதிப்படி சரிதான். ஒப்பிடத்தான் லாயக்கில்லை. காப்பியும் கவனிக்க வேண்டியது: 250 மில்லிகிராம் காஃபீன் மூளை ரத்த ஓட்டத்தை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கும். அதனால் கருப்பட்டிக் காப்பி குடிப்பவர் என்றால் இரண்டு தடவையும் குடித்துவிட்டுப் போகட்டும், இல்லை இரண்டு தடவையும் விட்டுவிடட்டும்.

எஸ்யூவிஆரை எல்லா டிரேசருக்கும் பொதுவான சென்டிலாய்டு என்ற அளவுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும் என்று நினைப்பது தவறு. அது அளவுகோலைத்தான் மாற்றும்; பிழையும் கூடவே வரும்.

சரியான வழி, ஊசி போடும் நொடியிலிருந்தே படமெடுப்பது. 60, 90 நிமிடம் அசையாமல் படுப்பது வயதானவர்களுக்குக் கொடுமை. அதனால் ஃப்ளோர்பெட்டாபென், ஃப்ளூட்டமெட்டமால் டிரேசர்களுக்கு 0–30 நிமிடம் எடுத்து, எழுப்பி உட்காரவைத்து, மறுபடி 90–110 நிமிடம் எடுக்கும் முறை உண்டு. அதில் டிவிஆர் கிடைக்கும்; எஸ்யூவிஆர் மாதிரி விகிதம்தான், ஆனால் ரத்த ஓட்டத்தின் பாதிப்பு குறைவு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஆர்1-உம் தனியே கிடைக்கும், அதே ஊசியில். சொதப்புவது இரண்டாம் படுக்கையில்தான்: தலை சில மில்லிமீட்டர் விலகி, படங்களைப் பொருத்தாமல் விட்டால் புறணியின் கணக்கில் வெள்ளைப் பகுதி கலந்துவிடும்.

அமிலாய்டு உண்டா, இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் இவ்வளவும் தேவையில்லை. சாதாரண ஸ்கேன் போதும். அமிலாய்டை அகற்றும் டோனனெமாப் மாதிரியான மருந்தில் 76 வாரத்தில் சராசரியாக 80 சென்டிலாய்டுக்கு மேல் இறங்குவதை ரத்த ஓட்டத்தின் தலையில் கட்டவும் முடியாது. ஏமாற்றுவது சின்ன ஏற்ற இறக்கம்தான். ஆகவே ரிப்போர்ட் வாங்கும்போது டிரேசரின் பெயர், ஊசி போட்ட நேரம், ஸ்கேன் தொடங்கிய நேரம், ஒப்பிட்ட பகுதி நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஊசி போடும் முன்பே அந்தத் தாளை டெக்னீஷியனிடம் காட்டுங்கள்.